எந்தப் பக்கம் உன் பக்கம்

இராயபுரம்
17-2-1954

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா, ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா என்று விவரமாக எழுது. உன் கடிதம் வந்தது. படித்தேன், திரும்பவும் படித்தேன், புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. அதனால் இங்கே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், படித்த பிள்ளை நீயாவது எனக்கு விளங்கும்படி சொல்லு.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே செய்தி வேறு வழியாக வந்துவிட்டது. கருப்பட்டிச் சரக்கு பிடிக்க உடன்குடிக்குப் போன தங்கப்பாண்டி அண்ணாச்சி, திரும்பும்போது பாளையங்கோட்டையில் இறங்கி உங்கள் காலேஜ் விழாவைப் பார்த்தாராம், அவர் தங்கச்சி மகள் அங்கேதானே படிக்கிறாள். மெட்ராஸ் வந்ததும் நேரே நம் மண்டிக்கு வந்து, தவசிமுத்து, உன் மகள் மேடையேறிப் பேசி வெள்ளிக் கப் வாங்கிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் எதைப் பற்றிப் பேசினாள் என்று கேட்டிருக்கிறார். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு தேவையில்லை என்று பேசினாள், கேட்டுக்கொண்டிருந்த எனக்கே என் தங்கச்சி மகளைக் கையோடு கூட்டிவந்துவிடலாமா என்று தோன்றிவிட்டது, அவ்வளவு அழகு என்றாராம் அண்ணாச்சி. அப்பா மத்தியானம் சாப்பிட வந்து இலைமுன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையவே இல்லை. என்ன என்று கேட்டேன். "அவளே சொல்லிட்டாளே, பொறவு நாம எதுக்கு அவளை அங்க வச்சிருக்கணும்" என்றார். தூத்துக்குடி உப்பு வியாபாரி வீட்டில் உன்னைக் கேட்டு ஆள் விட்டபடி இருப்பது உனக்குத் தெரியும், படிப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவர் இப்போது ஈஸ்டருக்கு உன்னை அழைத்துவந்து பேசி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். எனக்கு வேறு கவலை. அங்கே உன்னை யாரும் ஏதும் சொல்லிவிட்டார்களா, நேரே எழுத முடியாமல் மேடையில் சொல்லிவிட்டாயா என்று நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை ஏட்டி.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. அது டிபேட் என்கிற வாதப் போட்டி என்றும், சீட்டுப் போட்டு யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பார்கள் என்றும், உனக்கு அந்தப் பக்கம் விழுந்ததால் அப்படிப் பேசினாய் என்றும் எழுதியிருந்தாய். இப்போது உன்னையே காலேஜ் டிபேட் சங்கத்துக்குக் காரியதரிசி ஆக்கியிருக்கிறார்கள், மதுரையில் பல காலேஜ் சேர்ந்து நடத்தும் போட்டிக்குப் போகவேண்டும், அப்பா சம்மதித்து வார்டன் அம்மாவுக்கு எழுதவேண்டும் என்றும் இருந்தது. அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார், அப்படியென்றால் பொய் பேசினாளா, பொய் பேசினதுக்கா கப் கொடுத்தார்கள், அதுவும் மிஷன் காலேஜில் என்று. அதையே பக்கத்து போர்ஷன் ரஹீமுன்னிசாவிடம் கேட்டேன். இதுல இன்னாக்கா கீது, கோர்ட்ல வக்கீலுங்க ஆளுக்கொரு பக்கம் பேசறது இல்லியா, அவங்க இன்னா பொய்யனுங்களா என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பொய்யனுங்கதான் என்றும் அவளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் குழம்பிப்போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பேசித்தான் பார்ப்போமே, அவள் படிக்கட்டும் என்று நீங்கள் பேசுங்கள், வீட்டுக்கு வரட்டும் என்று நான் பேசுகிறேன், சும்மா விளையாட்டுக்கு என்றேன். வயசான காலத்தில் என்ன கூத்து இது என்று அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். சேமியா பாயசம் கொடுக்க வந்த ரஹீமுன்னிசா வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, நான் தீர்ப்பு சொல்றேன் அண்ணே, நீ பேசு என்றுவிட்டாள். அப்பா முதலில் கருப்பட்டி விற்கிற மாதிரி சிரித்துக்கொண்டுதான் பேசினார். படித்தால் நல்லது, நாலு எழுத்து தெரியும் என்று ஏதோ சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போன லீவில் நீ கடையில் உட்கார்ந்திருந்தபோது ஹார்பர் ஆபீசர் ஒருத்தர் வந்து சரக்கு விஷயமாக அதட்டினாராமே, நீ எனக்குச் சொல்லவே இல்லை. "அவரைக் கண்டதும் நான் எழுந்திரிச்சு நின்னுட்டேன். இவ எழுந்திரிக்கல. உக்காந்தபடியே மரியாதையா பதில் சொன்னா. அவர் தணிஞ்சு போயிட்டார். இத்தனை வயசுக்கு எனக்கு அப்படி உக்கார வரல புஷ்பம். அந்தக் காலேஜ்லதான் அதைக் கத்துக்கிட்டான்னா, அவ அங்கயே இருக்கட்டும்." இப்படிச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து என் முறை. நான் ஒப்புக்கு இரண்டு வார்த்தை பேசித் தோற்றுவிடுவோம் என்றுதான் இருந்தேன். உன்னைக் காலேஜில் சேர்க்கவேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்தவள் நான்தானே. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது ஜெயா. லீவுக்கு வந்தால் நீ எங்களுக்குப் புரிகிற வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசுகிறாய் என்றேன். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் முன்னைப்போல் சண்டை பிடிக்காமல் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறாய் என்றேன். இன்றைக்கு மதுரை, நாளைக்கு வேறு ஊர், இப்படியே போய்க்கொண்டிருப்பாள், நான் முறுக்கு சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயாட யார் இருக்கிறார்கள், என் பிள்ளையை என்கிட்டக் கொண்டாங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நிறுத்தவும் முடியவில்லை, அழுதுவிட்டேன். ரஹீமுன்னிசாவும் அழுதாள். அழுதுகொண்டே தீர்ப்பு சொன்னாள்: "நீதான் ஜெயிச்சேக்கா. பொண்ணு படிக்கட்டும்." பேச்சில் ஜெயித்தது நான், தீர்ப்பு மட்டும் அப்பா பக்கம்.

அப்பா அப்போதே தாள் எடுத்து வார்டன் அம்மாவுக்கு எழுதிவிட்டார், இதோடு வைத்திருக்கிறேன். தூத்துக்குடிக்காரர்களிடம் படிப்பு முடிந்த பிறகுதான் பேச்சு என்று தங்கப்பாண்டி அண்ணாச்சி மூலமாகவே சொல்லி அனுப்பியும்விட்டார். கேட்டால், நான் எப்போதுமே இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறார், முந்தின வாரம் என்ன சொன்னீர்கள் என்றால் அது கோபம் என்கிறார். அவர் காரியம் தெளிந்துவிட்டது. என் காரியம்தான் தெளியவில்லை. விளையாட்டுக்கு என்று எடுத்த பக்கம் எப்படி எனக்குள்ளேயிருந்து வந்தது? நீ படிக்கவேண்டும் என்பதும் என் மனசுதான், நீ இங்கே வந்துவிடவேண்டும் என்பதும் என் மனசுதான் என்றால் நான் எதைப் பேசினால் நிஜம்? உனக்கும் மேடையிலிருந்து இறங்கினதும் இப்படி ஆகுமா? அண்ணாச்சியே கலங்கும்படி நீ பேசினாயே, அதில் சீட்டில் விழுந்தது எவ்வளவு, உன்னுடையது எவ்வளவு? அந்தப் பேச்சில் எங்கேயாவது நான் இருந்தேனா? மறைக்காமல் எழுது. எனக்கு வருத்தம் வராது. வந்தாலும் பரவாயில்லை, எழுது.

மதுரைக்கு டீச்சரோடு சேர்ந்தே போ, ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே, கரித்தூள் கண்ணில் விழும். பேசுவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, மிளகு இரண்டு வாயில் போட்டுக்கொள். நீலச் சேலையே உனக்கு எடுப்பாக இருக்கும். காரியதரிசி ஆகிவிட்டோம் என்று பாடத்தைக் கோட்டை விட்டுவிடாதே. கர்த்தர் உன் நாவிலும் உன் நடையிலும் துணையாக இருப்பாராக, நீ நீடூழி நல்லா இரு. அங்கே எந்தப் பக்கம் விழுந்தாலும் பயப்படாமல் பேசு, பேசும்போது உட்காரச் சொன்னால் உட்கார், நிற்கச் சொன்னால் நில், ஆனால் தலையைக் குனியாதே.

இப்படிக்கு,
உன்னை அனுப்பவும் கூப்பிடவும் தெரியாமல் நிற்கிற
உன் அம்மா
தங்கபுஷ்பம்