புழுக் காவல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கோழி கிளறியது போல் இருக்கும், பொறுத்துக்கொள். பஸ் ஓட்டிய கைக்குப் பேனா இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. எல்லாம் நானே. நான் எழுதப் படிக்கப் போகும் மாலை வகுப்பு டீச்சர்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அங்கே குளிராமே, காதை மூடிக்கொண்டு போ.

குழந்தைகள் இல்லத்திலிருந்து நாங்கள் வளர்க்க அழைத்து வந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டாய். வந்த புதிதில் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றவில்லை. எது கேட்டாலும் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

பின்பக்கத்து எலுமிச்சைச் செடியைப் புழு மொட்டையடித்துவிட்டது. மருந்து அடிக்கப் போனேன். குறுக்கே வந்து நின்றாள். "தாத்தா, அதுங்க எங்க போகும்?" என்றாள். இந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு. மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாடி வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். இப்போது காக்கை கொத்தாமல் இருக்க எல்லோரும் முறை வைத்துக் காவல். தையல்காரர் மகள் இவளுக்குக் காவல்காரி என்றே பெயர் வைத்துவிட்டாள். அம்மாதான், "இனிமே எலுமிச்சம்பழம் கடையிலதான். ஐயாவுக்கு மனசு பெருசு" என்று குத்திக்கொண்டிருக்கிறாள்.

நேற்று இல்லத்திலிருந்து மேடம் வந்தார். வேறு ஊரில் ஒரு தம்பதி இவளைக் கேட்கிறார்களாம். வசதியானவர்கள், எங்களைவிட வயதும் குறைவு. முடிவு பிள்ளையுடையது என்றார். சனிக்கிழமை போய் அந்த வீட்டைப் பார்ப்போமா என்று அவளிடம் கேட்டார்.

"சனிக்கிழமை என் முறை" என்றாள்.

ஞாயிறு?

"புழு கூட்டுக்குள்ள போயிருச்சு. வெளிய வர்றப்ப நான் இருக்கணும்."

அதற்கப்புறம்? என்றார் மேடம். "அதுங்க முட்டை போட மறுபடி இங்கதான் வரும். நானும் இங்கதான்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

இவள் இங்கேயே இருக்க வீட்டில் எல்லோருடைய சம்மதமும் வேண்டுமாம், உன்னுடையதும். உன்னை அக்கா என்று கூப்பிடலாமா என்று இவள் கேட்கிறாள். அது உங்கள் இருவர் பாடு என்றேன். போனில் சொல்லாதே கண்ணு, எழுது. நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். நீ நல்லதாகத்தான் எழுதுவாய்.

நீ நன்றாக இரு. கூட்டிலிருந்து என்ன நிறத்தில் வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அப்பா