நீ போடாத கையெழுத்து

துருப்பிடிக்காமலிருக்க இரும்பில் தடவுவோமே, அந்த எண்ணெய் இன்று சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் போகவில்லை. ஆவடி வண்டியில் கம்பியைப் பிடித்து நின்றபோது அந்த வாசனையில் நீ வந்தாய். நீ கண்ணை மூடி நான்கு மாதமாகிறது.

எண்பத்தெட்டில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே மேசை. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் இரும்புத் தண்டுகளை அளந்து, சரியா தவறா என்று தாளில் குறிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து கழுத்து மரத்துப்போகும். "மெஷினுக்கு ஊத்துற எண்ணெய நம்ம கய்த்துக்கும் கொஞ்சம் ஊத்தலாம்மே" என்பாய்.

அந்த ஐப்பசியில் கண் பரிசோதனைக்கு நுங்கம்பாக்கம் போனோம். வானிலை அலுவலக வளாகத்தில் பழைய தூண் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த நீ, காவலாளியிடம் கெஞ்சி என்னையும் உள்ளே இழுத்துப்போனாய். கருங்கல் தூண். கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன் அதன்மேல் கருவி வைத்து நட்சத்திரங்களை அளந்தார்களாம். கல்லில் தமிழ் எழுத்தும் இருந்தது. எனக்குக் கால் வலி. பஸ் கிடைக்குமா என்ற கவலை. நீ கல்லில் உள்ளங்கையை வைத்து நின்றாய்.

"எங்கியோ கீற நட்சத்திரத்த அளக்க, ஆடக்கூடாதுன்னு இம்மாம் பெரிய கல்ல நட்டுகிறாங்கோ. நாம கைல கீற கம்பியயாவது ஒயுங்கா அளக்கணும்மே."

அடுத்த மாதமே ஒரு பெட்டித் தண்டுகள் அளவு தப்பி வந்தன. மேற்பார்வையாளர் ஆளுக்கொரு தாளை நீட்டினார். "சரின்னு கையெழுத்துப் போடுங்கம்மா, லாரி நிக்குது."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. போட்டேன். உன் வீடும் அப்படித்தான். நீ பேனாவை மூடினாய்.

"அளந்தது நானு. தப்புன்னு தெரிஞ்சிகினு சரின்னு எப்டி சார் எயுதுறது?"

அந்தக் கல்லைத் தொட்டு நின்றபோது இருந்த அதே முகம்.

மறுநாள் உன் ஸ்டூல் காலி. உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சென்னீர்குப்பத்தில் தையல் வேலைக்குப் போய்விட்டாய். ஒரு வாரம் கழித்து, கோவில்பதாகையில் உன் வாசலில் வந்து நின்று அழுதேன்.

"இன்னாமே, ஊட்டாண்ட வந்து அய்துகினு? கை கயுவிகினு வா, துன்னலாம்."

அதற்குப் பிறகு, நீ சாகும்வரை பத்து வருடம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. ஒருமுறை திட்டியிருக்கலாம்.

இப்போது அளவு பார்க்கும் அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. போன வாரமும் அளவு தப்பி ஒரு பெட்டி வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டதென்று நினைத்துவிடாதே. ஒரு கையெழுத்தைப் பத்து வருடம் சுமந்தாயிற்று. இன்னொன்றைச் சுமக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.