சேற்றின் மேல் ஏடு

முந்தாநாள் ஆய்வகத்தில், நீ டேப் சுற்றி மூடிய அந்தப் பிளாஸ்டிக் குழாயைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நான் நகரவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில், "இன்னாடி இது, இந்தக் கப்பு அடிக்குது" என்று துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு நீ சிரித்தது அந்த நாற்றத்தோடு வந்தது.

விலங்குகள் தோன்றிய காலத்துக் கடலில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்பதை, பழைய கறுப்புப் பாறைகளில் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்து ஊகிக்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைக்கும் காற்று எட்டாமல் கிடக்கும் சேறு வேண்டியிருந்தது. சேறு நம் பக்கத்திலேயே இருந்தது. படகுக்காரரிடம் கேட்கத்தான் எனக்கு வாய் இல்லை.

பி.எஸ்ஸி. மூன்று வருடமும் என் சந்தேகங்களை எனக்காக எழுந்து கேட்டவள் நீ. அதனால் உனக்குப் போன் செய்தேன். அன்று காலை உனக்கு வீசிங். பேச்சுக்கு நடுவே உன் மூச்சு விசிலடித்தது எனக்குக் கேட்டது. இன்னொரு நாள் போகலாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து நான் வந்த ரயிலில், திருவொற்றியூரில் நீ ஏறினாய்.

நாம் மீன் வாங்க வந்திருக்கிறோம் என்று படகுக்கார அண்ணன் நினைத்தார். சேறு என்றதும், "ஊர்ல இல்லாத சேறா? அங்க ஒரே கலீஜா கீதும்மா" என்றார்.

"அந்தக் கலீஜுதாண்ணே வோணும். இந்தம்மா அத வெச்சி டாக்டராவப் போறாங்க" என்றாய்.

சேற்றுக்கும் வைத்தியமா என்று சிரித்துக்கொண்டே அவர் படகை அவிழ்த்தார்.

சேற்றில் குத்தி இறக்கிய குழாயை மேலே இழுத்ததும் முதலில் பார்த்தவள் நீதான். கீழே முழுக்க மைக் கறுப்பு. உச்சியில் மட்டும் மெல்லிய பழுப்பு. "சேத்துக்கு ஏடு கட்டிகீது பாருடி" என்றாய். புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது. நான் இன்றும் ஏடு என்றுதான் குறித்துக்கொள்கிறேன்.

ஆக்சிஜன் எட்டும் ஆழம் வரைதான் அந்த ஏடு என்று உனக்கு விளக்கினேன். உன்னிடம் மட்டும் எனக்கு அப்படிப் பேச வரும். பழைய கடலின் ஆழம் பெரும்பாலும் இந்தக் கறுப்பைப் போல மூச்சற்றுக் கிடந்தது, கடற்பஞ்சு மாதிரியான முதல் விலங்குகள் மிகக் கொஞ்சம் ஆக்சிஜனிலேயே சமாளித்திருக்கலாம் என்றேன். நீ இன்ஹேலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்போ நானும் பஞ்சு ஜாதிடி. கொஞ்சூண்டு காத்து போதும் எனக்கு" என்றாய். சிரித்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் உன் கழுத்துக்குழி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் அந்த மூச்சு நின்றுபோனது. படகில் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உன் அம்மாவே சொன்னார். எனக்கு டீயும் போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்த பிறகும் மனம் ஆறவில்லை. போதும் என்று நீ சொன்னாய், போதவில்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. நீ சொன்னதையே எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

குழாயில் இப்போது ஏடு இல்லை. மூடிய இடத்துக்குள் இருந்த ஆக்சிஜனைச் சேறே தின்று தீர்த்துவிட்டது. உச்சி வரை ஒரே கறுப்பு. ஆய்வு தொடர வேண்டுமென்றால் மாதாமாதம் புதுச் சேறு எடுக்க வேண்டும்.

நேற்று நானே போனேன். கரையில் வெகுநேரம் நின்றுவிட்டு, "அண்ணே, படகு வருமா?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பியவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"டாக்டரம்மாவா? கூட வந்துச்சே, அந்த வாயாடிப் பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்காண்ணே" என்றேன். என் வாய் இத்தனை சுலபமாகத் திறந்ததே இல்லை.

"நல்லா இருக்கட்டும். நா கேட்டேன்னு சொல்லு."

புதுக் குழாயை ரயிலில் மடிமேல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன், ஏடு கலையாமல். திருவொற்றியூரில் வண்டி நின்றபோது பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

படகுக்கார அண்ணன் உன்னைக் கேட்டார். உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது. அடுத்த மாதமும் அவர் கேட்பார்.