கோலின்னா பித்தம்

இன்று காலை தரை துடைக்க டெட்டால் பாட்டிலைத் திறந்தேன். அந்த வாடையோடு நீ வந்து நின்றாய், விழுப்புரம் நர்ஸ் விடுதியில் வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாயே, அதே மாதிரி. நீ கண்ணை மூடி இந்தத் தையோடு ஒரு வருஷம் ஆகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் கோலியனூரில் மல்லாட்டைக் கடலை பயிரிடும் வீட்டுப் பெண். நீ மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவள். இருவரும் தமிழிலேயே படித்தவர்கள். பயிற்சி வகுப்பிலோ எல்லாம் ஆங்கிலம், ஒவ்வொரு நோயின் பெயரும் ஒரு முழ நீளம். முதல் பரீட்சையில் இருவருமே தோற்றோம். அடுத்ததிலும் தோற்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உன் அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்.

நான் அழுதேன். நீ அழவில்லை.

"முழுசா முழுங்கப் பாத்தா தொண்டையிலதான் மாட்டும். மீன் அறுக்கிற மாதிரி அறுடீ" என்றாய்.

அன்று முதல் துணி துவைக்கும்போதும் தலை பின்னும்போதும் வார்த்தைகளை அறுத்தோம். வால் 'ஐட்டிஸ்' என்றால் சிவந்து வீங்குவது, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. தலை 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம். 'கோலி' மட்டும் எனக்கு நிற்கவே இல்லை.

"கோலியனூருக்கு உங்க வூட்டுக்கு வந்தப்போ, பஸ்ஸுல நான் இன்னா பண்ணேன்?"

"வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கினு வந்தே."

"மஞ்சளா, கசப்பா. அதாண்டி பித்தம். கோலின்னா பித்தம். இனிமே மறப்பியா?"

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்த டாக்டர், பாடத்திலேயே இல்லாத வார்த்தையை என்னிடம் கேட்டார்: கோலிசிஸ்டெக்டமி. மனசுக்குள் அதை அறுக்கத் தொடங்கினேன். அப்புறம் அந்த பஸ் நினைவுக்கு வந்தது. கோலி, பித்தம். சிஸ்ட், பை. எக்டமி, வெட்டி எடுப்பது. பித்தப்பையை ஆபரேஷன் செய்து எடுப்பது என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். கதவுக்கு வெளியே நின்ற உன்னைக் காட்டினேன். உன்னை உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் கேள்வி கேட்டார். ஒன்றிலும் நீ தடுமாறவில்லை. "இன்னும் இருக்கா சார்?" என்றாயே, அவரே சிரித்துவிட்டார்.

இருவரும் தேறினோம். எனக்கு விழுப்புரத்தில் வேலை, உனக்குத் திண்டிவனத்தில்.

ஒருநாள் உன்னைப் பார்க்க அங்கே வந்தபோது உன் அப்பாவும் வந்திருந்தார். மாப்பிள்ளை பார்த்த அதே மனிதர், வார்டு வாசலில் நின்று நீ டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "அது எம் பொண்ணுங்க" என்றார். டாக்டர் நகர்ந்ததும் நீ கட்டில் பக்கம் திரும்பினாய். அதில் இருந்த பெண் மிரண்டுபோயிருந்தாள்.

"பயப்படாதீங்கக்கா. வயித்துல புண்ணுன்னு அவரு இங்கிலீஷ்ல சொன்னாரு, அவ்ளோதான். மருந்து குடிச்சா ஆறிடும்."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஓய்வு பெறும்வரை, கட்டிலில் கிடப்பவருக்குப் புரியும்படி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் எந்த வார்டையும் விட்டு வந்ததில்லை. இப்போதும் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருகிறார்கள், படித்துச் சொல்கிறேன். அப்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லி, நாங்கள் சேர்ந்து படித்தவர்கள் என்பேன். என் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.