ஃபேன் போடாத அறை

1994 ஜூன் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். வாங்க வேண்டியது: பசை, சின்னக் கத்தரிக்கோல், அக்காவுக்கு ஃபிளாஸ்க்.

ஸ்ரீநாத்தின் எலும்பு மஜ்ஜை எங்கள் குரோமோசோம் லேபுக்கே வந்துவிட்டது. அக்கா பையன். பத்தொன்பது வயசு. ரத்தப் புற்றுநோய். டப்பாவில் பெயர் எழுதக் கை வரவில்லை, இரண்டு லேபிள் வீண்.

வார்டில் டாக்டர் எல்லோரையும் கேட்கிற கேள்வி: "சொந்தத்துல கல்யாணமா?" அக்கா கட்டிக்கொண்டது எங்கள் தாய்மாமாவை. டாக்டர் வம்சப் படத்தில் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார், சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு. நானும் தினம் போடுகிற கோடுதான். அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் மாமாவோடு பேச்சே இல்லை. அவர் ஆஸ்பத்திரி வாசலில், ஸ்கூட்டர் பக்கத்தில்.

15, புதன்

வெயில். கண் எரிச்சல். குரோமோசோம் போட்டோ பிரிண்ட் ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்த்து ஒட்ட வேண்டும், இன்னும் வெட்டவில்லை. வெட்டப் பயம்.

ஸ்ரீநாத்: "யாக்கே சித்தி? எனக்கு மட்டும் யாக்கே?" ஏன், ஏன் என்று. இந்த ஊரிலேயே வளர்ந்தவன், பயம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். தலையைத் தடவிவிட்டு வந்தேன். எனக்கே எரிச்சல், என் மேல்.

16, வியாழன்

புழுக்கம். வெட்டினேன். 14-ஆம் ஜோடியில் ஒன்று குட்டை. 11-ஆம் ஜோடியில் ஒன்று நீளம். 14-இன் துண்டு 11-இல் போய் ஒட்டியிருக்கிறது. லேப் தலைவி மேடம் பார்த்து, சரி என்றார்.

இன்னொரு செல்லை வெட்டி ஜோடி சேர்க்கும்போது அக்கா வந்தாள். "என்னடி இந்தப் புழுக்கத்துல" என்று ஃபேனைப் போட்டுவிட்டாள். எங்கள் லேபில் யாரும் தொடாத ஸ்விட்ச். மேஜை காலி, வெட்டின துண்டெல்லாம் பறந்து தரையில். விஷயம் புரிந்ததும் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். நகத்தால் ஒவ்வொன்றாக. "இது ஸ்ரீநாத்தா? இதுவுமா?" என்னால் தாங்க முடியவில்லை.

தரையில் உட்கார்ந்தே சொன்னேன். வெள்ளை அணு வளரும்போது, விதவிதமான கிருமியை அடையாளம் காண, தன் ஜீனையே அங்கங்கே வெட்டி ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் நடக்கும். அவனுக்கு ஒரே ஒரு அணுவில் வெட்டின துண்டு வேறு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டது. அந்த அணு பெருகிவிட்டது.

"பொறக்கும்போதே இருந்துச்சா?"

"இருந்தா எல்லா செல்லுலயும் இருக்கணும். உன் கையில இருக்கறது அவனோட நல்ல செல்லு, அக்கா. 14 ரெண்டும் முழுசா இருக்கு பாரு."

"அப்போ அந்த ரெட்டைக் கோடு?"

"அது எல்லார்கிட்டயும் கேட்டுப் போடறது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

நிம்மதியாவாள் என்று நினைத்தேன். அழுதாள். "இத்தன நாள் அவரத் திட்டினேன், என்னத் திட்டிக்கிட்டேன். இனிமே யாரடி திட்டறது?"

நானும் மண்டியிட்டுப் பொறுக்கினேன். ஒரு துண்டு கிடைக்கவே இல்லை. வேறு பிரிண்ட் போட வேண்டும்.

18, சனி

மழை. ஃபிளாஸ்க் மறந்தேன், மறுபடியும். ராத்திரி தூக்கமில்லை.

இன்று முதல் மருந்து. ஊசி ஏறினதும் ஸ்ரீநாத்துக்கு நடுக்கம். மாமா நனைந்துகொண்டே வந்து வார்டு கதவோரம் நின்றார், உள்ளே வரவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயே நிக்கறீங்களே மாமா. வந்து அவன் காலப் பிடிங்க, எனக்கு ஒரு கை பத்தல."