நடுக்கம் நின்ற பிறகு

செவ்வாய், வடக்கு நிலையம்
பதிபவர்: இசக்கிமுத்து, பனி ஆய்வாளர்

நாள் 212, 09:10
இன்று பதினான்கு பனி மாதிரிகள் சீவினேன். ஒன்றும் உடையவில்லை. மாத்திரை வேலை செய்கிறது. எங்கள் கைநடுக்கத்தால் மாதிரிகள் பாழாகின்றன என்று புலம்பிய திட்டத் தலைவர் வாசுதேவன், முகாமிலிருந்து எனக்கும் தெற்கு நிலையத்துச் செல்லக்கனிக்கும் புரோப்ரனலால் என்ற நடுக்கம் நிறுத்தும் மாத்திரையை அனுப்பியிருந்தார். நாங்கள் இருவருமே சர்க்கரை நோயாளிகள், இடுப்பில் கட்டிய பம்பு வழியாக இன்சுலின் போடுகிறவர்கள். ஆளுக்கொரு நிலையம், தனி வாசம்.

நாள் 214, 11:30
புழுதிப் புயல். சர்க்கரை காட்டும் உணரி செத்துவிட்டது, செல்லக்கனியுடையதும் அப்படியே. கவலையில்லை. சர்க்கரை இறங்கினால் கை உதறும், நெஞ்சு படபடக்கும். இருபது வருடமாக அதை நம்பித்தான் பிழைத்திருக்கிறேன்.

நாள் 215, 10:05
வேர்க்கிறது. அறையில் பதினெட்டு டிகிரிதான் காட்டுகிறது. புளித்த மாவு வாடை. கழுத்து மடிப்பெல்லாம் பிசுபிசுப்பு. என் தோலைத் தொட எனக்கே அருவருப்பு. கை கல்லாக நிற்கிறது, ஆகவே சர்க்கரை இறங்கவில்லை. குளிரூட்டி பழுது.

10:40
குளிரூட்டி பழுது. குளிரூட்டி பழுது. ஏன் மறுபடி எழுதினேன்? சுற்றுக்கப்பலில் இருக்கும் டாக்டர் ஜெபமணியிடம் நாற்றத்தைப் பற்றி எரிந்து விழுந்தேன், புரோப்ரனலால் போட்டதில் கை நடுங்கவே இல்லை என்றும் சொன்னேன். பதில்:
"இசக்கி, பம்ப நிறுத்திட்டு உடனே சீனிக்கூழ குடிங்க! அந்த மாத்திர நடுக்கத்தையும் படபடப்பையும் மறச்சிரும். வேர்வைய மறைக்காது. சர்க்கரை தானா ஏறவும் விடாது. யாரு குடுத்தா இத? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே!"
கப்பல் கோளின் மறுபக்கம் போய்விட்டது. இனி இரண்டு மணி நேரம் தொடர்பில்லை.

11:15
பம்பை நிறுத்தினேன். கூழ் பாதி வாந்தியாக வந்தது. அடுத்த குழாயின் மூடியைத் திறக்கத் தெரியவில்லை. தரையில் கிடந்ததையே வழித்து விழுங்கினேன். சீ.

11:50
எழுத்து தெரிகிறது. மூடியும் திறந்தது. செல்லக்கனியை அழைத்தேன்.
"நடுக்கம்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன். இந்த வேர்வ நாத்தந்தான் கொமட்டுது. மூணு சட்ட மாத்திட்டேன். செத்த படுத்துட்டு கூப்புடுதேன்."
படுக்காதே என்று கத்தினேன். சீனி, சீனி என்று கத்தினேன். தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

12:20
ஒன்பது முறை அழைத்தேன். பதில் இல்லை. முகாமைப் பிடித்தேன். வாசுதேவன் எதையோ மென்றுகொண்டே பேசினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் ஒட்டியிருக்கிறது.
"பதறாதீங்க இசக்கி. அவங்க நாடி எங்க திரையில ஓடுது. அறுபது, அவ்வளவு சீரா இருக்கு. அசந்து தூங்குறாங்க. எழுப்பாதீங்க."

12:26
தூக்கமில்லை அது. நாடியை அடக்கி வைத்திருப்பது மாத்திரை. சொன்னேன். சிரித்தார்.
தெற்கு நிலையத்துக்கு முந்நூறு கிலோமீட்டர். வண்டியை எடுக்கிறேன். மறுபடி வேர்க்கிறது, கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாக. ஜெபமணி, இதைக் கண்டால் முதலில் அவளிடம் போ. என்னிடம் இல்லை. அவளி