எடை குறையும் நிலம்

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் வீட்டாரும் நலமாயிருக்க விழைகிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போதுதான் இன்னும் முனகுகிறாள்.

பழைய இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகளும் காற்றைத்தான் கக்குகின்றன, வெள்ளிக்கிழமை மறுபடியும் கிணறு துளைக்கும் வண்டி வருகிறது என்று தொலைபேசியில் சொன்னாய். "வானத்துலேர்ந்து பூமியையே எடை போடுறியே அண்ணா, என் தோட்டத்துல தண்ணி இருக்கான்னு சொல்ல மாட்டியா? தோண்டட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை!" என்று கேட்டாய். இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

முறையாகவே பதில் எழுதுகிறேன். எங்கள் செயற்கைக்கோள்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. கீழே கனமான நிலப்பகுதி வந்தால் முன்னே செல்வது முதலில் இழுபடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மயிரிழைக்கும் குறைவான அளவு மாறும். அதைக்கொண்டு நிலத்தின் எடை மாதந்தோறும் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுகிறோம். மலையும் பாறையும் எழுந்து நடந்துபோவதில்லை; எடை குறைந்தால் போனது தண்ணீர். ஏரிநீரையும் மேல்மண்ணின் ஈரத்தையும் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீர். நம் பக்கம் பல ஆண்டுகளாக இளைத்துக்கொண்டே வருகிறது. போன மழை ஏரியை நிரப்பியது. அடிக்குப் போய்ச் சேரவில்லை.

ஆனால் அந்தக் கருவிக்குப் பல மாவட்டங்கள் சேர்ந்து ஒரே புள்ளி. உன் தோட்டம் அதில் தெரியாது. உயர் அதிகாரியிடம் அறிக்கையைக் கொடுத்தேன். "எந்த ஊர்னு சொல்லுங்க சார். ஊர் பேரே இல்லாம யாருக்கு உத்தரவு போடுறது, ஆகாசத்துக்கா?" என்று சிரித்தார். அவர் கேட்டதில் பிழையில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது.

தோண்டினால் உனக்கு நீர் கிடைக்கவும் கூடும். அது பக்கத்துத் தோட்டக்காரரின் நீராக இருக்கும். பிறகு அவர் உன்னைவிட ஆழம் போவார். தோண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல என் கணக்குக்கு உரிமையில்லை. நின்றபடியே காய்கிற உன் எலுமிச்சை மரங்களுக்கு வேறு வழியும் என்னிடம் இல்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டில்கள் போட்டிருக்கிறேன். விருந்தினருக்கு என்றேன். "எந்த விருந்தாளிக்குங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இடம் இருக்கான்னு விசாரிச்சுட்டு வந்தீங்க?" என்றாள் உன் அண்ணி.

வெள்ளிக்கிழமை நீர் வந்தால் உடனே தெரிவி. வராவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம், தம்பி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.

நீங்கள் அனைவரும் தாகமறியாமல் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணன்